ஒரு டீயின் விலையில் ஒரு படம்

சென்னை மாநகராட்சிக் கணக்கில் சாலைகள் இரண்டு வகை. பேருந்து ஓடும் சாலைகள் 471; அவற்றின் நீளம் 387 கிலோமீட்டர். உட்புறச் சாலைகள் 34 ஆயிரத்துக்கும் மேல். அவற்றின் நீளம் சுமார் 5,270 கிலோமீட்டர். இரண்டும் சேர்த்து 5,657. பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாத் தடங்களிலும் போய்வந்த ஒருவர்கூட இந்த நகரத்தில் நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் பார்த்திருப்பார். மீதி 93 பங்கு கடைகளுக்குப் பின்னால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கால்வாய்க் கரையில் கிடக்கிறது.

ஞாயிறுக்கு 7 கிலோமீட்டர் நடந்தால் மொத்தத்தையும் முடிக்க 808 ஞாயிறுகள் வேண்டும். அதாவது பதினைந்தரை வருடம். நான் நடந்தது 14 ஞாயிறுகள். 2025 ஜனவரியிலிருந்து ஜூலை வரை மாதத்துக்கு இரண்டு. கையில் ஒரு கேமரா, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. அந்த நோட்டில் கிலோமீட்டர், நேரம், டீ, கேட்கப்பட்ட கேள்வி எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளை இங்கே கணக்காகத் தருகிறேன்.

போன இடம் வடசென்னை. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு. நகரம் தொடங்கிய பக்கம் இதுதான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டு, 1857-இல், மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆரம்பிக்கப்பட்டது. ரயிலும் கேமராவும் இந்த ஊருக்கு ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தவை. ஆனாலும் சென்னை என்றதும் நம் கண்ணில் வரும் படம் மெரினா, சென்ட்ரல், எல்.ஐ.சி. கட்டடம். ராயபுரம் நிலையத்தை நேரில் பார்த்த தென்சென்னைக்காரர் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து அது அடுத்த ஸ்டேஷன். புறநகர் ரயிலில் டிக்கெட் 5 ரூபாய்.

இனி நடையின் கணக்கு. மொத்தம் 97 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 49 மணி. மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். அந்த வேகத்தில் 97 கிலோமீட்டருக்கு 19 மணி 24 நிமிடம் போதும். மீதி 29 மணி 36 நிமிடம் நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். டீக்கடை வாசலில், திண்ணையோரத்தில், கேரம் பலகையைச் சுற்றி, குழாயடிக்குச் சற்றுத் தள்ளி. புகைப்பட நடை என்று சொன்னாலும் ஐந்தில் மூன்று பங்கு நேரம் நிற்பதுதான். படங்களும் அந்த நேரத்தில் கிடைத்தவைதான்.

அழுத்தியது 2,310 தடவை. வைத்துக்கொண்டது 154. பதினைந்துக்கு ஒன்று. ஒரு படத்துக்கு 25 எம்.பி. என்று கொண்டால் மொத்தம் 58 ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு 64 ஜி.பி. கார்டில் அடங்கிவிட்டது. பிலிம் காலமாக இருந்தால் 36 படச் சுருள்கள் 65 வேண்டியிருக்கும். சுருள் வாங்கிக் கழுவ ஆயிரம் ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 65 ஆயிரம் ரூபாய். அந்தச் செலவு இன்று இல்லை. அதனால்தான் இந்தக் கணக்கில் பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி மாறிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

97 கிலோமீட்டரில் புதுத் தெரு 58 கிலோமீட்டர். ஏற்கெனவே நடந்த தெருவில் மறுபடி நடந்தது 39. வைத்துக்கொண்ட 154 படங்களில் 53 மட்டுமே முதல் நடையில் கிடைத்தவை. 101 படங்கள் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது தடவை போனபோது எடுத்தவை. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் புதுத் தெருவில் 0.9 படம், பழகிய தெருவில் 2.6 படம். ஏறத்தாழ மூன்று மடங்கு. தொடங்கும்போது முடிந்தவரை அதிகத் தெருக்களைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நான்காவது ஞாயிறோடு அந்த எண்ணத்தை விட்டேன். முதல் நாள் தெரு நம்மைப் பார்க்கிறது. அன்று எடுத்த படங்களில் எல்லாரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் தடவை போகும்போது "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

சந்தின் அகலத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த லென்ஸ் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் அடிக்கடி போன சந்து 8 அடி. ஃபுல் பிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸுக்கு ஒரு வசதி உண்டு: எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ ஏறத்தாழ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றால் ஒரு வாசல், அதில் உட்கார்ந்திருப்பவர், பக்கத்தில் சாத்திய சைக்கிள் வரை வரும். கைப்பேசியின் வழக்கமான லென்ஸில் 11 அடி வரும். 50 மி.மீ. போட்டால் ஆறடிக்கும் குறைவு. 200 மி.மீ. லென்ஸில் அதே 8 அடியைப் பிடிக்க 44 அடி தள்ளி நிற்க வேண்டும். 44 அடி என்றால் நாலைந்து வீடு தள்ளி. அங்கிருந்து எடுத்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுக்கப்பட்டவருக்குத் தெரியவும் தெரியாது. எட்டடி என்பது பேச்சு எட்டும் தூரம். "எடுக்கட்டுமா?" என்று கேட்காமல் எட்டடியில் கேமராவைத் தூக்க முடியாது. நீள லென்ஸ் போட்டு இந்தத் தெருக்களில் படம் எடுப்பது தவறு என்பது என் முடிவு. பறவைகளுக்கு அது சரி.

வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 8 அடிச் சந்தின் இரு பக்கமும் வீடுகள் மாடியோடு 24 அடி உயரம் என்று வையுங்கள். தென்வடலாகப் போகும் சந்தில் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வரும் வெயில் தரையைத் தொட வேண்டுமானால் சூரியன் அடிவானத்திலிருந்து 71 டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் மறையும். ஏப்ரல் 24 அன்றுகூட அப்படிப்பட்ட சந்தின் தரையில் வெயில் விழுவது காலை 10.50-லிருந்து பகல் 1.20 வரை, இரண்டரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சுவர் பச்சை என்றால் முகமும் பச்சை, ரோஸ் என்றால் முகமும் ரோஸ். ஏப்ரல் 24-ஐ ஒட்டிய ஞாயிறன்று உச்சி வெயிலில் அந்தச் சந்தில் நின்று பார்த்தேன். வைத்துக்கொள்ளும்படி ஒரு படமும் இல்லை. காலை 7-லிருந்து 10 வரை எடுத்தவையே 154-இல் 118.

காசிமேட்டுக்கு மட்டும் 7 மணி என்பது தாமதம். மீன் ஏலம் இருட்டிலேயே தொடங்கிவிடும். விடியும்போது வஞ்சிரமும் சங்கராவும் கைமாறி, சில்லறைக் கூடைகளுக்கு வந்திருக்கும். ஞாயிறன்று வீட்டுக்கு மீன் வாங்க நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். வடசென்னைக்குள் மற்றவர்கள் தாங்களாக வரும் இடம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என் 14 ஞாயிறுகளில் 4 அதற்குள் வந்தன. அந்தச் சமயத்தில் கேமராவோடு வருபவர்கள் குறைவு. விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். தச்சு வேலை, பெயின்ட் வேலை, இன்ஜின் பிரித்துப் போட்ட வேலை நடக்கும். வலையை விரித்துப் போட்டு ஓட்டை தேடுகிற ஒருவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் 23 ஓட்டை அடைத்தார். இன்னும் எத்தனை நாள் வேலை என்று கேட்டதற்கு, வலையின் நீளத்தைக் கையால் காட்டினாரே தவிர நாள் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தின் பழைய கதை ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்தது வண்ணாரப்பேட்டை. புனித பேதுரு என்னும் இராயப்பர் பெயரால் ராயபுரம். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை என்பார்கள். புளியந்தோப்பையும் பெரம்பூரையும் ஒட்டி பின்னி மில் 1996-இல் மூடும்வரை ஓடியது. அந்தத் தொழிலாளிகளிடமிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. மில் இருந்த நிலத்தில் இப்போது உயரமான அடுக்குமாடிகள். அங்கே வேலை பார்த்த ஒருவரைப் புளியந்தோப்பில் சந்தித்தேன். 26 வருடம் மில்லில் இருந்தவர். மில்லுக்குள் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று என்று எடுத்துக் காட்டினார். அடையாள அட்டையில் ஒட்டியிருந்த, தபால்தலை அளவுப் படம்.

இப்போது மனிதர்களின் கணக்குக்கு வருகிறேன். நான் கேட்டவர்களும் தாங்களாகவே கேட்டவர்களுமாக 78 பேர். "எங்கள ஒண்ணு புடிண்ணா" என்று கேட்டவர்கள் 33. கேட்டதும் சம்மதித்தவர்கள் 26. வேண்டாம் என்றவர்கள் 19. முதல் கேள்வியாக "பேப்பரா, டிவியா?" என்று வந்தது 17 தடவை. "கார்ப்பரேஷனா? அளக்க வந்தியா?" என்று வந்தது 9 தடவை. இந்த ஒன்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். கால்வாயோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் கேமராவைப் பார்த்தால் வீடு போகப்போகிறது என்ற பயம் வருகிறது. வேறு தெருக்காரர்களுக்குக் கேமரா என்றால் கல்யாணமும் பிறந்தநாளும். இங்கே அது சர்வே. அந்தக் கேள்வி வந்த இடங்களில் நான் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன். ஒன்பதில் ஆறு இடங்களில் அன்று படமே எடுக்கவில்லை.

வேண்டாம் என்ற 19 பேரில் ஒருவர் கொருக்குப்பேட்டையில் தண்ணி லாரி வரிசையில் நின்றிருந்த அம்மா. இடுப்பில் பச்சைக் குடம், பின்னால் மஞ்சள், நீலம், சிவப்பு என்று வரிசையாகக் குடங்கள். அந்தப் படத்தைத்தான் எவரும் எடுப்பார்கள். "கொடத்தோட எடுக்காதப்பா. வேற புடவ கட்டினு வரேன், அப்ப எடு" என்றார். தண்ணீரைப் பிடித்து வீட்டில் வைத்துவிட்டு, முகம் கழுவி, மயில்கழுத்து நிறப் புடவையில் வந்து வாசலில் நின்றார். எடுத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன் என்று நோட்டில் இருக்கிறது. குடத்தோடு எடுத்திருந்தால் பத்திரிகைக்குப் போகும். புடவையோடு எடுத்தது அவர் வீட்டுச் சுவருக்குப் போயிற்று. இரண்டில் எது அவருடைய படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வடசென்னை என்றால் குடம், சாக்கடை, கத்தி என்று பழகிவிட்டோம். கேட்ட 33 பேரில் ஒருவர்கூட அப்படி ஒரு பின்னணியில் நிற்கவில்லை. நின்ற இடங்கள்: பைக்கின் பக்கத்தில், கோயில் வாசலில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கேரம் பலகையின் முன்னால்.

கேரம் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். எட்டடிச் சந்தில் அதைப் போட்டு எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஓரமாக ஒரு சைக்கிள் போகும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதற்குப் பிறகு நான் போன தெருக்களில் பெண்பிள்ளைகள் பலகையில் உட்கார்ந்திருப்பதை ஐந்து இடங்களில் பார்த்தேன். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று எண்ணி வைக்கவில்லை, அதனால் ஒப்பிட வழியில்லை.

எல்லாரும் கடைசியில் கேட்டது ஒன்றுதான். "போட்டோ எப்ப குடுப்ப?" ஒரு ஆயா இன்னும் தெளிவாகச் சொன்னார்: "எல்லாரும் புடிச்சினு பூடுறாங்கோ, ஒருத்தரும் குடுக்கல." அந்த வாரமே 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போடத் தொடங்கினேன். ஒரு பிரிண்ட் 12 ரூபாய். அந்தத் தெருவில் ஒரு டீயும் 12 ரூபாய்.

செலவைக் கூட்டினேன். ரயிலும் பஸ்ஸும் போகவர 40 வீதம் 14 நாளுக்கு 560. டீ, நடைக்கு மூன்று, மொத்தம் 42, அதற்கு 504. காலைச் சாப்பாடு 60 வீதம் 840. செருப்புக்கு அடி மாற்றியது 250. பிரிண்ட் 126, அதற்கு 1,512. படம் கொடுக்கவே தனியாகப் போன ஐந்து தடவைக்கு 200. ஆக 3,866 ரூபாய். கிலோமீட்டருக்கு 40 ரூபாய். கேமராவும் லென்ஸும் பழையதாக வாங்கியது 42 ஆயிரம். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 700, ஏழு மாதத்துக்கு 4,900. அதைச் சேர்த்தால் 8,766. கைப்பேசியில் எடுப்பவருக்கு அந்த 4,900 கிடையாது. எட்டடிச் சந்தில், காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் எடுத்து, 4-க்கு 6 அளவில் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். நானே இரண்டிலும் எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

பிரிண்டுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கும் ஆனது 1,712. கேமராவைத் தள்ளிய செலவில் அது 44 சதவீதம். அது போதாது என்று இப்போது நினைக்கிறேன், பாதிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். முதல் மூன்று ஞாயிறுகளில் எடுத்தவர்களுக்கு நான் உடனே பிரிண்ட் போடவில்லை. பிறகு தேடிப் போய்க் கொடுத்தேன்.

126 பிரிண்டில் 7 பாஸ்போர்ட் சைஸ் தாள்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூட விண்ணப்பம், ரேஷன் கார்டு, பென்ஷன் என்று எதற்காவது முகப்படம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்து ஸ்டுடியோவில் எட்டுப் படம் 80 ரூபாய். ஒரு படம் மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர். 4-க்கு 6 தாளில் வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை, சரியாக எட்டு அடங்கும். அதே 12 ரூபாய். வெள்ளைச் சுவர் ஒன்றைத் தேடி, காலை வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தேன். மில்லில் 26 வருடம் இருந்தவருக்கும் ஒரு தாள் கொடுத்தேன். எட்டில் ஏழைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒன்றை என்னிடமே தந்தார். அது நோட்டின் அட்டைக்குள் இருக்கிறது.

இந்தத் தெருக்களுக்குக் கேமராவோடு போக நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணச் செலவுக்கு எடுத்து வைக்கும்போதே பிரிண்டுக்கும் எடுத்து வையுங்கள். பத்து இடங்களுக்குப் போகும் காசையும் நேரத்தையும் இரண்டு தெருக்களில் செலவழியுங்கள். எடுத்தவர்களின் வாசலை நோட்டில் அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே, நீலக் கதவு, வேப்பமரத்துக்கு எதிரே என்று எழுதினால்கூடப் போதும்.

என் கணக்கில் 126 பிரிண்டில் 115 போய்ச் சேர்ந்துவிட்டன. 11 பாக்கி. அவற்றில் 6, ஜனவரியில் நான் படம் எடுத்த ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கில் இருந்தவர்களுடையவை. புதுசாகக் கட்டுவதற்காக ஜூனில் அதைக் காலி செய்துவிட்டார்கள். குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போயிருக்கின்றன. 3, பஞ்சர் கடையில் வேலை பார்த்த பையனுடையவை. ஊருக்குப் போயிருக்கிறான் என்றார்கள். 2, "ஒருத்தரும் குடுக்கல" என்று சொன்ன ஆயாவுடையவை. மூன்று தடவை போனேன், வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம் என்றார்கள். அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று திரும்ப எடுத்துவந்துவிட்டேன்.